கெட்ட ரத்தமும் ஒரு கழித்தல் கணக்கும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேக்கன் கவுண்டி என்றொரு பருத்திச் சீமை. 1933-இல் அங்கிருந்த கறுப்பின விவசாயிகள் பலருக்குச் சுகாதாரத் துறையிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உங்கள் ரத்தம் கெட்டிருக்கிறது, அதற்கு விசேஷ சிகிச்சை இலவசமாகத் தருகிறோம், இதுதான் கடைசி வாய்ப்பு என்பது அதன் சாரம். குத்தகை நிலத்தில் கடனோடு உழைக்கிறவன், டாக்டர் முகத்தையே அதிகம் பார்த்திராதவன், போகாமல் இருப்பானா?

போனவர்களை ஒருக்களித்துப் படுக்கவைத்தார்கள். முழங்காலை மார்போடு அணைத்து முதுகை வில்லாக வளைக்கச் சொன்னார்கள். இடுப்புக்கு நேர் பின்னால், இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள சந்தில் நீளமான ஊசி இறங்கியது. அந்த இடத்தில் தண்ணீர் போலத் தெளிந்த ஒரு திரவம் இருக்கிறது. நம் மூளையும் அதே திரவத்தில்தான் மிதக்கிறது. வெளியே எடுத்துத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 1,400 கிராம் நிற்கும் மூளை, அந்த மிதப்பினால் மண்டைக்குள் சுமார் 50 கிராம் அளவுக்குத்தான் கனக்கிறது. ஊசித் துளை வழியே திரவம் கசிந்தால் மிதப்பு குறையும். மூளை கொஞ்சம் கீழே தொங்கும். அதைப் பிடித்திருக்கும் சவ்வுகள் இழுபடும். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளக்கும், படுத்தால் அடங்கும். சிலருக்கு இது நாட்கணக்கில் நீடிக்கும். மேக்கன் கவுண்டி ஆட்கள் கிழவர்களான பிறகும் அந்த வலியை மறக்கவில்லை.

ஊசியில் மருந்து எதுவும் இல்லை. நோய் நரம்பு மண்டலத்தைத் தொட்டுவிட்டதா என்று பார்க்க எடுத்த சாம்பிள் அது. சிகிச்சை என்று சொன்னது பொய்.

நாற்பது வருஷம் கழித்து இந்த விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர் ஃபிரெட் கிரே என்ற வழக்கறிஞர். அமெரிக்காவில் உடலில் பட்ட காயத்துக்கு நஷ்டஈடு வாங்கித் தரும் வக்கீல் ஒரு ரகம். குடிமை உரிமைகள் பறிபோனதற்கு வழக்காடுகிறவர் இன்னொரு ரகம். ஒருவரே இரண்டும் செய்வதுண்டு. ஆனால் இரண்டு காயமும் ஒரே உடம்பில், ஒரே வழக்கில், பிரிக்க முடியாமல் பின்னிக்கிடந்தது இங்கேதான். அதை அவர் எப்படிப் பிரித்துக் காட்டினார் என்பதில் ஒரு அறிவியல் இருக்கிறது. சொல்லப்போனால், அந்த அறிவியலைப் பிரதிவாதிகளே நாற்பது வருஷம் உழைத்துத் தயாரித்துக் கொடுத்திருந்தார்கள்.

முதலில் நோய். மேக்கன் கவுண்டியில் “கெட்ட ரத்தம்” என்றால் சோகை, அசதி, சொறி எல்லாமே அடக்கம். நம் வீடுகளில் உடம்பில் சிரங்கு வந்தால் “ரத்தம் கெட்டுப்போச்சு” என்பார்களே, அதுபோல. டாக்டர்கள் தேடியது ஒன்றே ஒன்றைத்தான்: சிஃபிலிஸ், நம் ஊரில் மேகநோய் என்பது. அதை உண்டாக்கும் நுண்ணுயிர் ட்ரெபொனீமா பாலிடம். 1905-இல் ஜெர்மனியில் ஷௌடின், ஹாஃப்மன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். சுருள்வில் போன்ற உடம்பு. தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐயாயிரத்தில் ஒரு பங்குதான். சாதாரண நுண்ணோக்கியில் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். பின்னணியை இருட்டாக்கி, பக்கவாட்டிலிருந்து ஒளி பாய்ச்சினால்தான் தெரியும். ஓட்டு வீட்டுக்குள் விழும் வெயில் கீற்றில் தூசி பறப்பது தெரிகிறதே, அதே தந்திரம்.

இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. நம் குடலில் வாழும் ஈ.கோலை போன்ற பாக்டீரியா நல்ல சூழலில் இருபது நிமிஷத்தில் இரண்டாகும். இது ஒருமுறை பிரிய முப்பது மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். பொதுவாகக் கிருமியின் மேல்தோலில் துருத்தி நிற்கும் புரதங்களை வைத்துத்தான் நம் நோய் எதிர்ப்புப் படை ஆளை அடையாளம் பிடிக்கிறது. இதன் மேல்தோலிலோ அப்படிப்பட்ட புரதங்கள் மிக மிகக் குறைவு. பிடித்து நிறுத்தக் கையில் அகப்படுவதற்கு அதன் சட்டையில் ஒரு பட்டன்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தொற்றிய மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண் வரும், தானே ஆறிவிடும். பிறகு உள்ளங்கை, உள்ளங்கால்வரை தடிப்புகள் வரும். அவையும் தானே போய்விடும். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் மௌனம். சிகிச்சையே பெறாவிட்டாலும் பெரும்பாலோருக்கு அந்த மௌனம் கலையாது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குப் பத்து, இருபது, முப்பது வருஷம் கழித்து அது மீண்டும் தலைகாட்டும். இதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் சுவர் ஒரு விரல் நுழையும் குழாயின் சுவர். அத்தனை தடிமனான சுவருக்கே சோறு போடத் தனியாக மயிரிழைக் குழாய்கள் இருக்கின்றன. கிருமி அந்தச் சின்னக் குழாய்களை அடைத்துவிடும். பட்டினி கிடந்த சுவர் தளர்ந்து, பழைய சைக்கிள் டியூப் போல ஓரிடத்தில் உப்பும். ஒருநாள் வெடிக்கும். நரம்புப் பக்கம் போனால் நடை தள்ளாடும், கண் போகும், புத்தி பேதலிக்கும்.

1932-இல் ஆய்வு தொடங்கியபோதே இதெல்லாம் ஓரளவு தெரிந்ததுதான். நார்வேயில் சிகிச்சையின்றி விடப்பட்ட வெள்ளையர்களைப் பற்றிய ஆய்வு அதற்கு முன்பே வெளியாகிவிட்டது. வெள்ளைக்காரனுக்கு இந்த நோய் மூளையைத் தாக்கும், கறுப்பனுக்கு இதயத்தைத் தாக்கும் என்று அந்தக் கால டாக்டர்களிடம் ஒரு நம்பிக்கை இருந்தது; ஆதாரத்தைவிட இனவெறி அதிகம் கலந்த நம்பிக்கை. அதைச் சரிபார்க்க அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை தேர்ந்தெடுத்த இடம், மேக்கன் கவுண்டியின் தலைநகரான டஸ்கீகி. அதற்குச் சற்று முன்புதான் ரோசன்வால்ட் அறக்கட்டளைப் பணத்தில் அங்கே நோய்த் தடுப்புப் பணி நடந்திருந்தது. பொருளாதார மந்தத்தில் பணம் வற்றியது, சிகிச்சை நின்றது, நோயாளிப் பட்டியல் மட்டும் கையில் மிஞ்சியது. சிகிச்சைக்குக் காசில்லை என்றால் சிகிச்சை இல்லாமல் என்ன ஆகிறது என்று பார்க்கலாமே என்று யாருக்கோ தோன்றியது. ஆறு மாதம் பார்ப்பதாகத் திட்டம். நாற்பது வருஷம் பார்த்தார்கள்.

சுமார் 600 பேர். நோய் இருப்பவர்கள் 399; நோய் இல்லாதவர்கள் 201. இந்த இரண்டாவது கூட்டத்தை ஒப்பீட்டுக் குழு என்பார்கள். அறிவியலில் இதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு குறைவு என்றுகூடச் சொல்வேன். ஒருவருக்கு ஐம்பது வயதில் மார்வலி வந்தால் அதற்கு நோய்தான் காரணமா, வறுமையா, உப்புக்கண்டமா என்று எப்படிச் சொல்வது? அதே ஊர், அதே வயது, அதே சாப்பாடு, நோய் மட்டும் இல்லாத இன்னொருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் கழித்துப் பார்த்துவிடலாம். மிஞ்சுவது நோயின் வேலை.

கழித்தும் பார்த்தார்கள். 1936-இல் வெளியான முதல் கட்டுரையின்படி, உடல்கோளாறு எதுவும் தென்படாதவர்கள் நோயில்லாத குழுவில் 61 சதவீதம். நோயுள்ள குழுவில் 16 சதவீதம். நாலே வருஷத்தில் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆய்வு அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. நோயாளிகள் சாகும்வரை இனி நமக்கு அவர்களிடம் வேலை இல்லை என்ற பொருளில் ஆலிவர் வெங்கர் என்ற டாக்டர் அதற்கு முன்பே சக டாக்டருக்கு எழுதியிருந்தார். அவர்களுக்கு வேண்டியது பிரேதப் பரிசோதனை. அதற்குச் சம்மதம் வாங்க ஈமச் செலவுக்கு 50 டாலர் என்று ஏற்பாடானது. கௌரவமான அடக்கம் என்பது அந்த ஏழைகளுக்குப் பெரிய விஷயம். ஏற்பாடு செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பின நர்ஸ் காரில் வந்து அவர்களை அழைத்துப்போவார், விசாரிப்பார், ஆஸ்பிரினும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுப்பார். அவரை நம்பித்தான் போனார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ராணுவத்துக்கு ஆள் எடுத்தபோது, நோயுள்ளவர்கள் கட்டாயம் சிகிச்சை எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. எங்கள் ஆட்களை விட்டுவிடுங்கள் என்று சுகாதாரத் துறை சொல்லிவைத்தது. 1940-களின் பின்பாதியில் பென்சிலின் எங்கும் கிடைக்கத் தொடங்கியது. மெதுவாகப் பிரியும் கிருமி என்பதால் மருந்து ரத்தத்தில் நாட்கணக்கில் நிலைத்திருக்க வேண்டும். அதற்கும் மெல்லக் கரையும் ஊசிமருந்து வந்துவிட்டது. மேக்கன் கவுண்டி ஆட்களுக்கு அது வரவில்லை. 1958-இல் வந்தது வேறு: இருபத்தைந்து வருஷம் ஒத்துழைத்ததற்கு ஒரு சான்றிதழும் 25 டாலரும். வருஷத்துக்கு ஒரு டாலர்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை என்பதுதான் நம்ப முடியாத விஷயம். சில வருஷங்களுக்கு ஒருமுறை மருத்துவ இதழ்களில் முடிவுகள் வெளியாகிக்கொண்டே இருந்தன. நாட்டின் டாக்டர்கள் படித்தார்கள், பக்கத்தைத் திருப்பினார்கள். சுகாதாரத் துறையிலேயே சான் பிரான்சிஸ்கோவில் வேலை பார்த்த பீட்டர் பக்ஸ்டன் என்ற இளைஞர் 1966-லும் 1968-லும் ஆட்சேபித்து எழுதினார். 1969-இல் நிபுணர்கள் கூடிப் பேசி, தொடரலாம் என்று முடிவு செய்தார்கள். பக்ஸ்டன் கடைசியில் பத்திரிகையாளரிடம் போனார். 1972 ஜூலை 25 அன்று அசோசியேட்டட் பிரஸ் நிருபர் ஜீன் ஹெல்லரின் செய்தி வெளியானது.

செய்தி வந்த பிறகு, ஆய்வில் இருந்த சார்லி பொல்லார்ட் என்ற விவசாயி ஃபிரெட் கிரேயின் டஸ்கீகி அலுவலகத்துக்கு வந்தார்.

கிரேக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. மான்ட்கோமரி நகரில் பிறந்தவர்; இரண்டு வயதில் தகப்பனாரை இழந்தவர். அலபாமா மாநிலச் சட்டக் கல்லூரி அப்போது கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் வடக்கே ஒஹாயோவுக்குப் போய்ச் சட்டம் படித்து, 1954-இல் ஊர் திரும்பினார். இனப் பிரிவினை எங்கே கண்ணில் பட்டாலும் அதை உடைப்பது என்று மாணவப் பருவத்திலேயே மனசுக்குள் சபதம். மறு வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதி ரோசா பார்க்ஸ் பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம் விட மறுத்துக் கைதானபோது, அவருக்கு வக்கீலாக நின்ற கிரேக்கு இருபத்தைந்துகூட நிறையவில்லை.

உலகம் அந்த வழக்கை ரோசா பார்க்ஸ் பெயரோடு சேர்த்து நினைக்கிறது. பஸ் பிரிவினைச் சட்டத்தை உடைத்த வழக்கில் அவர் பெயரே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. பார்க்ஸ்மீது இருந்தது கிரிமினல் வழக்கு. அதன் அப்பீல் மாநில நீதிமன்றங்களில் சிக்கிக்கிடந்தது. அவரை வாதியாகச் சேர்த்தால், கைது சரியா, தண்டனை சரியா, அப்பீல் என்ன ஆயிற்று என்று எதிர்த்தரப்பு பேச்சை இழுத்துப்போகும். கிரே அவரை வெளியே வைத்தார். பஸ்ஸில் அவமானப்பட்ட வேறு நான்கு பெண்களை வாதிகளாக்கி, 1956 பிப்ரவரியில் மத்திய நீதிமன்றத்தில் தனி வழக்குப் போட்டார். அவர்களில் ஒருவர், பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, பதினைந்து வயதில் கைதான கிளாடெட் கால்வின். இப்போது நீதிபதிகள்முன் மிஞ்சிய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சட்டம் அரசியல் சாசனத்துக்குப் பொருந்துமா? மூன்று நீதிபதிகளில் இருவர் பொருந்தாது என்றார்கள். நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சோதனைச் சாலையில் மற்ற எல்லாவற்றையும் அசையாமல் நிறுத்திவிட்டு ஒன்றை மட்டும் அசைத்துப் பார்ப்பார்களே, அந்த வேலையைத்தான் இவர் கோர்ட்டில் செய்தார். இதற்குக் கிடைத்த பரிசும் உண்டு: முதலில் ஐந்தாவது வாதியாக இருந்து விலகிய ஒரு பெண்ணை வைத்து, சம்மதமில்லாமல் வழக்குப் போட்டார் என்று கிரேமீதே குற்றச்சாட்டு வந்தது, பாதிரியார் என்பதால் ராணுவச் சேவையிலிருந்து பெற்றிருந்த விலக்கும் பறிபோகப் பார்த்தது.

1957-இல் டஸ்கீகியிலேயே இன்னொன்று. சதுரமாக இருந்த நகர எல்லையை மாநிலச் சட்டசபை மாற்றி வரைந்தது. புது எல்லைக்கு 28 பக்கங்கள். சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லாரும் ஊருக்கு வெளியே போய்விட்டார்கள். வெள்ளை வாக்காளர் ஒருவர்கூடப் போகவில்லை. சட்ட வாசகத்தில் இனம் என்ற சொல்லே கிடையாது, வெறும் அளவைகள்தான். இந்த வழக்கில் பேசியது வரைபடம். பழைய சதுரத்தையும் அதற்குள் கிழித்துப்போட்ட காகிதம் மாதிரி கிடக்கும் புது உருவத்தையும் ஒன்றாகப் பார்த்த பிறகு நோக்கத்தைத் தனியாக நிரூபிக்க என்ன இருக்கிறது? 1960-இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகக் கிரே பக்கம் தீர்ப்பளித்தார்கள். அதே வழக்கைக் கீழ்நீதிமன்றத்தில் தள்ளுபடி செய்தவர், பஸ் வழக்கில் அவருக்குச் சாதகமாக நின்ற ஃபிராங்க் ஜான்சன்தான். நீதிபதிகளை எந்தப் பெட்டியிலும் போட்டு அடைக்க முடியாது.

பொல்லார்ட் வழக்கும் அதே ஜான்சனிடம்தான் போனது.

1973 ஜூலையில், செய்தி வெளியாகி ஒரு வருஷம் முடிவதற்குள், கிரே வழக்குத் தொடுத்தார். 600 பேர் சார்பிலும் கூட்டு வழக்கு. கேட்டது 180 கோடி டாலர். ஆளுக்கு 30 லட்சம் என்று வருகிறது. தொகை பெரிது; ஆனால் வழியில் இரண்டு சுவர்கள் இருந்தன.

முதலாவது, அரசின்மீது வழக்குப் போடவே முடியாது என்ற பழைய இங்கிலாந்துக் கொள்கை. ராஜா தப்புச் செய்ய மாட்டார் என்று தொடங்கியது, ராஜா இல்லாத நாட்டிலும் ஒட்டிக்கொண்டது. 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதில் ஒரு கதவு வைத்தது: மத்திய அரசு ஊழியரின் கவனக்குறைவால் காயப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்; தண்டனையாகக் கூடுதல் தொகை விதிக்க முடியாது; 1945 முதல் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டுமே செல்லும். ஜூரி முன் மனம் உருகப் பேசும் வக்கீலுக்கு இது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. ஒரே ஆறுதல், சட்டத்தின் இந்தக் கதவும் பென்சிலினும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வந்தவை.

இரண்டாவது சுவர் காலவரம்பு. காயம் பட்ட இரண்டு வருஷத்துக்குள் கேட்க வேண்டும். பஸ் மோதினால் காயம் பட்ட நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்லலாம். முப்பது மணி நேரத்துக்கு ஒருமுறை பிரியும் கிருமி தமனிச் சுவரை அரித்த காயம் எந்தத் தேதியில் பட்டது? இந்தச் சிக்கலை 1949-லேயே ஒரு ரயில் தொழிலாளி உச்ச நீதிமன்றத்தின்முன் வைத்திருந்தார். சுமார் முப்பது வருஷம் நீராவி எஞ்சினில் வேலை. தண்டவாளம் வழுக்காமல் இருக்கத் தூவும் மணலின் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நுரையீரல் கல்லாகிப்போனது. எந்த நாளின் தூசி அவரைக் கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் தன்னை வெளிக்காட்டும் வரை அறியாமல் இருந்தவரின் உரிமை அதற்குள் காலாவதியாகாது என்று நீதிமன்றம் சொன்னது. மேக்கன் கவுண்டி ஆட்களுக்கு அறியாமை தானாக வந்ததில்லை, ஊட்டப்பட்டது. தங்களுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை 1972-இல் செய்தித்தாள் சொல்லித்தான் அவர்கள் தெரிந்துகொண்டார்கள்.

அடுத்து, காரணத்தை நிரூபிப்பது. காய வழக்குகளில் வக்கீல் மூச்சுத் திணறுவது இந்த இடத்தில்தான். இவர் இதய நோயில் செத்தார், சரி. சிகிச்சை தராததால்தான் செத்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள், கறியும் புகையிலையும் காரணமாக இருக்கலாமே என்று எதிர்த்தரப்பு கேட்கும். மற்ற வழக்குகளில் பெரும்பாலும் இதற்கு ஒழுங்கான பதில் கிடைக்காது. இந்த வழக்கில் பதிலை எதிர்த்தரப்பே அச்சடித்து நூலகங்களுக்கு அனுப்பியிருந்தது. பதினாறு, அறுபத்தொன்று. அவர்களே பக்கத்தில் நிறுத்திவைத்த 201 பேர், அவர்களே போட்ட கழித்தல். நோயுள்ள குழுவில் பிரேதப் பரிசோதனைக்கு வந்தவர்களில் முப்பது சதவீதத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள் முற்றிய சிஃபிலிஸாலேயே இறந்தார்கள் என்று 1955-இல் வெளியான கட்டுரை சொன்னது. குற்றவாளியே கத்திக்குத்தின் ஆழத்தை ஸ்கேல் வைத்து அளந்து தேதி போட்டு வைத்த மாதிரி. இதோடு, தேசிய ஆவணக் காப்பகத்தில் ஜேம்ஸ் ஜோன்ஸ் என்ற வரலாற்றாய்வாளர் கண்டெடுத்த 1930-களின் கடிதங்களும் கிரேயின் கைக்கு வந்தன.

யார்மீது வழக்கு என்பதிலும் பஸ் வழக்கின் கை தெரிகிறது. மத்திய அரசு, சுகாதாரத் துறை, அலபாமா மாநிலம், ஈமச் செலவுக்குப் பணம் கொடுத்த மில்பேங்க் நிதி, சில டாக்டர்கள் எல்லாரும் பிரதிவாதிகள். ஆய்வுக்கு இடமும் ஆஸ்பத்திரியும் தந்த கறுப்பினக் கல்வி நிறுவனமான டஸ்கீகி இன்ஸ்டிட்யூட், நர்ஸ் ரிவர்ஸ், உள்ளூர் கறுப்பின டாக்டர்கள் யாரும் இல்லை. தன் ஊர்க்காரர்களைக் காப்பாற்றினார் என்று இதை விமர்சிப்பவர்கள் உண்டு. விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ரிவர்ஸ் அறியாமல் செய்தார் என்று என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. ஆனால் அவர்களைச் சேர்த்திருந்தால், கறுப்பர்களை மட்டும் தேர்ந்தெடுத்தது யார் என்ற கேள்வி, கறுப்பர்களும்தானே உடந்தை என்ற கேள்விக்குள் அமிழ்ந்திருக்கும். பார்க்ஸை வெளியே வைத்த அதே கை.

வழக்கு முழு விசாரணை வரை போகவில்லை. 1974 டிசம்பரில் சமரசம்: ஒரு கோடி டாலர். கேட்டதில் நூற்று எண்பதில் ஒரு பங்கு. பங்கீடு இப்படி. நோய்க்குழுவில் உயிரோடு இருப்பவருக்கு 37,500 டாலர். இறந்தவரின் வாரிசுகளுக்கு 15,000. ஒப்பீட்டுக் குழுவில் உயிரோடு இருப்பவருக்கு 16,000. இறந்தவரின் வாரிசுகளுக்கு 5,000.

இந்தப் பட்டியலை முதல்முறை படித்தபோது மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். ஒப்பீட்டுக் குழுவுக்கு எதற்குப் பணம்? அவர்களுக்கு நோயே இல்லையே. சிகிச்சை மறுக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. சிகிச்சைக்குரிய நோய்தான் இல்லையே. உடற்காயச் சட்டத்தின் தராசில் வைத்தால் அவர்கள் பக்கம் தட்டு காலி. ஆனாலும் 16,000. கேட்காமல் ஒருவனைச் சோதனைப் பொருளாக்கினாய், பொய் சொல்லி ரத்தம் எடுத்தாய், பிணத்துக்கு முன்பதிவு செய்தாய், அதற்கு.

அறிவியல்காரர்கள் செய்த கழித்தலை இங்கேயும் செய்து பார்க்கலாம். இது என் கணக்கு; நீதிமன்றம் இப்படிப் போடவில்லை. 37,500-இல் 16,000 போனால் 21,500. அது கிருமி செய்த காயத்துக்கு. மிச்சம் 16,000, மனிதனாக நடத்தாததற்கு. ஒரு காயம் எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று எந்தத் தத்துவ நூலும் சொல்லாத கோட்டை, ஒரு சமரசப் பத்திரம் டாலரில் போட்டுக் காட்டிவிட்டது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் இது சாத்தியமே இல்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். காய வழக்குகளில் தொகை பெரும்பாலும் வருமானத்தை ஒட்டித்தான் போகும். நம் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயங்களில் இருபது வயதுக்காரர் இறந்தால் ஆண்டு வருமானத்தில் செலவு கழித்து 18-ஆல் பெருக்குவார்கள். அறுபத்தைந்து தாண்டியவர் என்றால் 5-ஆல். அந்தக் கணக்கில் பருத்திக் குத்தகைக்காரக் கிழவருக்கு என்ன வந்திருக்கும்? மேக்கன் கவுண்டிப் பட்டியலில் வயதும் இல்லை, வருமானமும் இல்லை. நாலே வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எல்லாருக்கும் ஒரே தொகை.

பணத்தைக் கொடுப்பது வழக்கைவிடப் பெரிய வேலையாகிவிட்டது. பிறப்புப் பதிவு கிடையாது. வேலை தேடி வடக்கே சிதறிய குடும்பங்கள். ஒரே பெயரில் தகப்பனும் மகனும். வாரிசுகள் ஆறாயிரத்துக்கு மேல். கிரேயின் அலுவலகம் தேடிக்கொண்டே இருந்தது. மனிதர்களை வைத்து நடக்கும் ஆய்வுகளுக்கான சட்டம் சமரசத்துக்கு முன்பே, 1974 ஜூலையில் வந்துவிட்டது. இன்று எந்த ஆஸ்பத்திரியில் மருந்துச் சோதனைக்குச் சேர்ந்தாலும் முன்னால் நீட்டப்படும் சம்மதப் படிவத்தின் வம்சாவளியில் இந்த விவசாயிகள் இருக்கிறார்கள்.

மன்னிப்பு என்ற சொல் சமரசத்தோடு வரவில்லை. அது வர இன்னும் இருபத்திரண்டு வருஷத்துக்கு மேலாயிற்று. 1997 மே 16 அன்று வெள்ளை மாளிகையில் கிளின்டன் மன்னிப்புக் கேட்டபோது உயிரோடு இருந்தவர்கள் எட்டே பேர். அவர்களில் ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஆய்வுக்கு ஆளானவர்கள் சார்பில் பேசிய ஹெர்மன் ஷாவுக்கு வயது தொண்ணூற்று நான்கு. கூட்டத்தில் கிரேயும் இருந்தார்.

நாற்பது வருஷக் கட்டுரைகளின் அட்டவணைகளில் ஒரு கட்டம் இல்லவே இல்லை: மனைவிகள். ஆண்களின் தமனியை, நரம்பை, ஈரலை அளந்தவர்கள், அந்த ஆண் வீட்டுக்குப் போனால் அங்கே ஒரு பெண் இருப்பாள், அவளுக்குப் பிள்ளை பிறக்கும், தாயின் ரத்தத்திலிருந்து கிருமி கருவுக்குப் போகும் என்பதற்குத் தனிப் பத்தி வைக்கவில்லை. சமரசத்தின் பகுதியாக ஆய்வுக்கு ஆளானவர்களுக்கு ஆயுள் முழுக்க அரசுச் செலவில் மருத்துவம் என்று முடிவானது. 1975-இல் அதில் மனைவிகள், விதவைகள், பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். ஆய்வில் இருந்த ஆண்களில் கடைசி ஆள் 2004 ஜனவரியில் இறந்தார். பலன் பெற்ற கடைசி விதவை 2009 ஜனவரியில். பிள்ளைகளின் மருத்துவச் செலவு அதற்குப் பிறகும் அரசுக் கணக்கில் வந்துகொண்டிருந்தது.